தகரமுத்துவின் தாமதம்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் மணிமேகலைக்கு வேலை. ஓய்ந்த நேரத்தில் ஒரு சிறுவர் மாத இதழுக்குத் தகரமுத்து என்ற ரோபோவின் படக்கதையை வரைவாள். தகரமுத்து ஒரு கோமாளி. பழனிக்குப் போக வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொள்வான். தென்னை மரத்துக்கு வணக்கம் வைப்பான். யார் எது கேட்டாலும் மூன்று கட்டம் தள்ளித்தான் பதில் சொல்வான். கேட்டவர் பஸ்ஸை விட்டுவிட்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

கதை சொன்னது செழியன், டிவி ரிப்பேர் செய்பவன். ஐந்து வருடம், பக்கத்து டீக்கடை பெஞ்சில் அவன் சொல்லச் சொல்ல இவள் வரைந்தாள். மனதில் இருந்ததை இருவருமே சொல்லவில்லை. அவன் புனேவுக்கு வேலைக்குப் போனான். இரண்டு வருடம் கழித்து அவன் கல்யாணப் பத்திரிகை அதே கடைக்கு வந்தது. எழுத்துப்பிழை இல்லாமல் அவளே அடித்துக் கொடுத்தாள். அதன்பின் கதையையும் அவளே எழுதினாள்.

போன ஆவணியில் ரெட்டியார்சத்திரத்திலிருந்து சிவனம்மாள் என்ற பூ விவசாயி இதழுக்குக் கடிதம் எழுதியிருந்தார். ‘தகரமுத்து மண்டைக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர் எப்படி ஓடுது? பதில் ஏன் இம்புட்டு லேட்டா வருது? மெஷினு பழசுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு. நான் இல்லைங்கிறேன். வீட்டுல தினமும் இதே சண்டை.’

மண்டையைத் திறந்து காட்டி முழுப் பக்கப் படம் வேண்டுமென்றார் இதழின் ஆசிரியர்.

ஒரு வாரம் வரைந்தாள். கேள்வி காது வழியாக நுழைகிறது. உள்ளே பெயர் எழுதாத டப்பாக்கள். ஒரு கை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறது: பஸ் டிக்கெட், மாவு மில் சத்தம், யாரோ திட்டியது. பதில் கடைசி டப்பாவில். வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தாமதத்தை வைத்தவன் செழியன். ஏனென்று அவள் கேட்டதே இல்லை. படத்தை அவனுக்கு அனுப்பி, ‘சரியா?’ என்று கேட்டாள்.

மதியம் அவனே போன் செய்தான்.

“மேகலை, நல்லாருக்கியா?”

“இருக்கேன். படம் பாத்தியா?”

“பாத்தேன். நல்லா வந்திருக்கு. ஆனா அவன் எதையும் தேடல. பதில் அவனுக்கு உடனே தெரிஞ்சிரும்.”

“பெறகு ஏன் சொல்ல மாட்டேங்கிறான்?”

“சொல்லிட்டா கேட்டவங்க கெளம்பிப் போயிருவாகள்ல. செத்த நேரம் நிக்கட்டும்னு உள்ளயே வச்சுக்கிறான். அவன் கம்ப்யூட்டரு அப்படித்தான் ஓடுது.”

கடைசிக் கட்டத்துக்கு மட்டும் அவனுக்கு வசனம் வராமல் போன சாயங்காலங்கள் நினைவுக்கு வந்தன. அப்போதெல்லாம் அவளும் எழுந்து போகாமல், கூராக இருந்த பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

“இத அப்பவே சொல்லிருக்கலாம்ல?”

“ஆமா.”

அங்கே ஒரு குழந்தை அழுதது. “வைக்கிறேன் மேகலை” என்றான்.

அவள் படத்தை முழுக்க அழித்துவிட்டு வரைந்தாள். காதிலிருந்து வாய்க்கு ஒரே கம்பி. அதில் ஓடிவந்த பதில், உதட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, எதிரே நிற்பவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதழ் வந்த வாரம் சிவனம்மாள் கடைக்கே போன் செய்தார். “நாந்தேன் ஜெயிச்சேன் தாயி! மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. எங்க வீட்டுக்காரரு ரெண்டு தடவ பாத்துட்டு வாயே தொறக்கல.”

மணிமேகலை சிரித்தாள். செழியனுக்கு ஒரு பிரதி தபாலில் போட வேண்டும்போல் இருந்தது. அவனுடைய புனே விலாசம் அவளிடம் இல்லை. கேட்டால் தருவான். கேட்கவில்லை. வாங்கியிருந்த இரண்டு பிரதிகளையும் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.