மத்தேயு கேட்டு வந்த லாம்பு

மய்யித்தைக் குளிப்பாட்டப் பின்வளவில் தறப்பாள் கட்டிக்கொண்டிருந்தார்கள். முன் அறையில் கதிரைகளை ஒதுக்கப் போன இறந்தவரின் தங்கை ஸைனப், அங்கே இருந்த சைக்கிள் லாம்பை மர ஸ்டாண்டோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்கு வந்தாள்.

"மதினி, இத எங்க வெக்கிற? ஆக்கள் வாற நேரம், தட்டுப்பட்டு உடஞ்சிரும். நானாக்கு உசிராச்சே இது."

ஸுபைரா பாயில் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். விடியற்காலையில் சுபஹ் தொழுகைக்கு எழும்பிய அவளுடைய கணவர் அஸீஸ், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே கட்டிலில் சாய்ந்துவிட்டார். அப்போதிலிருந்து அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். லாம்பைக் கண்டதும் அழுகை நின்றுவிட்டது.

"அங்கயே கொண்டு வெய்ங்க. என்ட கண்ணுக்கு முன்னால வாணாம்."

துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, நாத்தனார் ஸைனப் அதை முன் அறை மூலையிலேயே திரும்பவும் வைத்துவிட்டு வந்தாள்.

பதுளை பஸாரில் அஸீஸுடைய சைக்கிள் கடையைத் தெரியாதவர் இல்லை. முன்னால் கடை, பின்னால் வீடு. ஆறு வருஷத்துக்கு முன்னால், ஹாலிஎலப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து மத்தேயு என்ற ஆள் இந்த லாம்பைத் துவாய்த் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். அவருடைய அப்பா தோட்டத்துத் தபால் பையைச் சுமந்து, இருட்டோடு ஸ்டேஷனுக்குச் சைக்கிள் மிதித்த காலத்து லாம்பு. காபைட் கல்லும் தண்ணீரும் போட்டு, அதில் கிளம்பும் வாயுவில் எரிக்கிற வகை. கறுத்துப்போய், பாசி பூத்து, பழைய இரும்புக்காரன்கூடக் கையால் தொடமாட்டான் என்ற நிலையில் இருந்தது. அதைத் திரும்ப எரிகிற மாதிரி செய்து தரவேண்டும், அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் வைக்க அம்மா ஆசைப்படுகிறாள் என்று கேட்டார்.

அஸீஸ் வேலையை ஒழுங்காகத்தான் தொடங்கினார். இறுகிப்போன திருகாணிகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். தேசிக்காயும் சாம்பலும் போட்டுத் தேய்க்கத் தேய்க்கப் பித்தளை வெளியே வந்தது. அடைபட்டிருந்த வாயுத் துவாரத்தை ஸுபைராவின் தையல் ஊசியால் திறந்தார். பக்கவாட்டில் உடைந்திருந்த பச்சைக் கண்ணாடிக்குப் பதிலாக ஒரு பழைய மருந்துப் போத்தலை வெட்டி, அரத்தால் தேய்த்துப் பொருத்தினார். அதோடு விட்டிருந்தால் நல்ல மனிதர்.

பிறகுதான் ஸ்டாண்ட் செய்யும் பைத்தியம் பிடித்தது. ஸுபைரா கலியாணத்துக்குக் கொண்டுவந்த பலாமர அலுமாரியின் இழுப்பு லாச்சிப் பலகையை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கழற்றி அடிப்பலகையாக்கினார். பழைய சைக்கிளொன்றின் ஹேண்டில் தண்டை அறுத்து அதில் நிறுத்தி, லாம்பை நட்டுப் போட்டு முடுக்கினார். அலுமாரி இன்றைக்கும் பல்லுப் போன வாயோடு நிற்கிறது. வாழைப்பழம் பழுக்கவைக்கிற கடையொன்றில் கெஞ்சிக் காபைட் வாங்கிவந்து, ஒரு நாள் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு லாம்பை ஏற்றினார். வீடெல்லாம் காபைட்டின் பூண்டு நாற்றம். வெள்ளை வெளிச்சத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றவரைப் பார்த்து ஸுபைராவுக்கு ஆசை ஆசையாக வந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் அவரை அந்த அளவுக்கு நேசித்த நாள் வேறில்லை. அதுதான் கொடுமை.

அடுத்த வாரம் விருந்தாளிகள் வந்தபோது அவள் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றுவிட்டாள். "எங்கட வாப்பா ரயில்வேல வேல செய்யக்குள்ள வெள்ளக்காரன் குடுத்த லாம்பு," என்று அஸீஸ் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய வாப்பா பதுளை ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர். பிள்ளைகளுக்கென்று ஒரு போட்டோகூட விட்டுப்போகாத மனிதர். ஸுபைரா அவரையே பார்த்தாள். அவர் இவள் பக்கம் திரும்பவில்லை. நாளடைவில் பொய்க்குக் கைகால் முளைத்து, கொழும்பிலிருந்து லீவில் வரும் மகன் ஷுக்ரி அதைத் தன் கூட்டாளிகளுக்குப் பெருமையாகச் சொல்லும் அளவுக்கு வளர்ந்தது.

மத்தேயு டவுனுக்கு வரும்போதெல்லாம் கடையில் வந்து நிற்பார். "ஒரு பக்கக் கண்ணாடி மட்டும்தான் கெடைக்கல்ல மத்தேயு, பொறகு வாங்க," என்பார் அஸீஸ். சொல்லிக்கொண்டே வீட்டுப் பக்கம் கண்ணைக் காட்டுவார். லாம்பைத் தூக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளுவது ஸுபைரா.

இன்றைக்கும் மத்தேயு அதைக் கேட்கத்தான் வந்திருந்தார். கடை பூட்டியிருந்ததையும் வெள்ளைக்கொடியையும் கண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கூட்டத்தோடு வாசலில் ஒதுங்கி நின்றார். ஜன்னல் இடுக்கால் அவரைக் கண்ட ஸுபைரா சட்டென்று பின்னுக்கு விலகினாள்.

கபன் துணி சுற்றி, முகம் காட்டி, சந்தூக்குப் பெட்டியில் வைத்தாகிவிட்டது. தூக்குவதற்கு முன்னால், அஸீஸின் தம்பி பவாஸ் கையைப் பிடித்து முன்னுக்கு விட, லீவில் வந்திருந்த ஷுக்ரி வாசலில் நின்று கரகரத்த குரலில் சொன்னான்:

"என்ட வாப்பா யாருக்காச்சும் ஏதும் குடுக்க ஈந்தா, யாரும் நம்பிக் குடுத்த அமானிதமாச்சும் அவர்ட கையில ஈந்தா, என்னட்டக் கேளுங்க. நான் பொறுப்பு. வாப்பாவ எல்லாரும் மன்னிச்சிருங்க."

எல்லா ஜனாஸாவிலும் சொல்வதுதான். அதற்கு அங்கேயே யாரும் பதில் சொல்வதில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய், கொடுக்கல் வாங்கல் இருந்தால் பிறகு ஆறுதலாக வந்து காதோடு சொல்வார்கள். மத்தேயுவுக்கு அந்த வழக்கம் தெரியாது. கேட்டார்கள், சொன்னார்.

"தம்பி, எங்க சாமான் ஒண்ணு இருக்குங்க."

வாசலே திரும்பிப் பார்த்தது.

"என்ன சாமான்?"

"அந்தா மூலையில இருக்கே. எங்கப்பாரு சைக்கிள் லாம்புங்க அது."

ஷுக்ரியின் முகம் சிவந்தது. "அது எங்கட வாப்பாட வாப்பாட லாம்பு. ஊருக்கே தெரியும். மய்யித்து வாசல்ல வந்து இப்பிடிப் பேச ஒங்களுக்கு வெக்கமில்லயா?"

"அண்ணன், இப்ப தூக்கப் போற," என்று பவாஸ் இடையில் புகுந்தார். "பொறகு வாங்க, பேசுவம்."

"பொறகு பொறகுன்னுதாங்க மொதலாளியும் சொன்னாரு." மத்தேயுவின் குரலில் சண்டை இல்லை. "கேட்டீங்களேன்னு சொன்னேன். இல்லேன்னா போயிர்றேன்."

அவர் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

உள்ளே ஸுபைரா திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயை மூடிக்கொண்டால் மத்தேயு போய்விடுவார். அஸீஸ் ஒரு ஹாஜியார் மாதிரி மரியாதையோடு போவார், அடுத்தவன் சாமானைக் கழுத்தில் கட்டிக்கொண்டு. வாயைத் திறந்தால் பஸார் முழுக்க நாறும். உயிரோடு இருக்கும்போது ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம், செத்தபிறகு உங்கள் பொய்யை என் தலையில் கட்டிவிட்டுப் படுத்திருக்கிறீர்களே என்று அவளுக்கு அவர்மேல் ஆத்திரம் பொங்கியது. குளிப்பாட்டி வைத்திருக்கும் மனிதரை எழுப்பிச் சண்டை பிடிக்கவா முடியும்.

"மகன், அதக் குடு," என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து.

பெண்கள் பதறினார்கள். ஸைனப் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உம்மா, நீங்க சும்மா ஈங்க."

"அது அவர்ட சாமான்தான். ஒங்கட வாப்பா பொய் சொன்ன. எனக்கு எல்லாம் தெரியும். கட்டிலுக்குக் கீழ ஒளிச்சி வெச்சதே நான்தான்."

வெளியே ஒருவர் இருமினார். ஷுக்ரி திரைச்சீலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பவாஸ்தான் ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தார். மத்தேயு வாங்கவில்லை. "இந்த மரம் எங்களோடது இல்லீங்க. லாம்பு மட்டும் போதும்." நட்டு இறுக்கமாக இருந்தது. கடையைத் திறந்து ஸ்பேனர் எடுத்துவர வேண்டியதாயிற்று. சந்தூக்கைச் சுற்றி நின்றவர்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டும் காத்திருக்க, மத்தேயு படியில் குந்தி, அஸீஸின் ஸ்பேனரால் அஸீஸ் முடுக்கிய நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். லாம்பு கைக்கு வந்ததும் பச்சைக் கண்ணாடியைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்காரு," என்றார்.

"சாமான் கைக்கு வந்துட்டுதானே அண்ணன்," என்றார் பவாஸ். "நானாவ மன்னிச்சிட்டன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. மய்யித்து போகணும்."

மத்தேயு எழும்பி நின்றார். "எனக்குச் செஞ்சத விட்டுட்டேங்க. அதுல ஒண்ணுமில்ல. எங்கம்மா கடசி வரைக்கும் இதத்தான் கேட்டுச்சு. போன கிறிஸ்மஸுக்கு முன்னால போயிருச்சு. மொதலாளிக்கிட்டயும் வந்து சொன்னேன். அம்மாவுக்குச் செஞ்சத நான் எப்படிங்க மன்னிக்கிறது? அத அம்மாதானே சொல்லணும்."

ஸுபைராவுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. கடையில் மத்தேயு ஏதோ தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரி அஸீஸ் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். படுக்கப் போகுமுன் கட்டிலுக்கடியிலிருந்து லாம்பை எடுத்து, துணியால் நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டு, முன் அறை மூலையில் பழைய இடத்திலேயே வைத்தார்.

அஸர் தொழுகைக்கு நேரமாகிறது என்று ஒரு பெரியவர் சத்தம் போட, கலிமா சொல்லிச் சந்தூக்கைத் தூக்கினார்கள்.

ஸுபைரா ஜன்னலுக்கு ஓடினாள். கூட்டத்தின் கடைசியில், துவாயில் சுற்றிய லாம்பை மார்போடு அணைத்துக்கொண்டு மத்தேயுவும் நடந்துகொண்டிருந்தார். சந்தியில் பாதை பிரிகிறது. மேலே ஏறினால் பள்ளிவாசல், கீழே இறங்கினால் பஸ் ஸ்டாண்ட். அந்த மனிதர் மய்யித்துக்குப் பின்னால் போகிறாரா, பஸ்ஸுக்குப் போகிறாரா? மேலே ஏறினால் போதும், மன்னித்தேன் என்று வாயால் சொல்லாவிட்டாலும் போதும் என்று அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டினாள்.

"அல்லாஹ்வே, இத்தாவில ஈக்கிற பொம்புள ஜன்னலால எட்டிப் பாக்கிறதா?" ஸைனப் அவளை விலக்கி, இரண்டு கதவையும் இழுத்துச் சாத்திக் கொண்டியைப் போட்டாள். இனி அவள் இத்தா இருக்கும் நாலு மாதமும் பத்து நாளும் அந்த ஜன்னல் திறக்காது.

அடக்கம் முடிந்து ஷுக்ரி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. காற்சட்டை ஓரத்தில் கபுறடி மண். உள்ளறை வாசலைத் தாண்டிப் போனவனை ஸுபைரா கூப்பிட்டாள்.

"மகன், அந்த மனிசன் பள்ளிக்கு வந்தாரா?"

ஷுக்ரி நின்றான். திரும்பவில்லை.

"எனக்குத் தெரியா. ஒங்களுக்குத்தானே எல்லாம் தெரியும்."

அவன் கால் கழுவப் பின்வளவுக்குப் போனான். குழாய் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.