நமசிவாயத்தார் வீட்டு மான் தலை விற்பனைக்கு

"உங்கடை அப்பு சுட்ட மானெண்டால் அவரோடையே சேர்த்து எரிச்சிருக்கலாமே! என்னத்துக்கு என்ரை விறாந்தையிலை தொங்குது?"

"சத்தம் போடாதையும், குணலட்சுமி. மதிலுக்கு அங்காலை காது நிக்குது" என்று மனைவியை அடக்கினார் நமசிவாயத்தார்.

காது நின்றது உண்மைதான். ஆனால் அந்தச் சத்தம் சண்டிலிப்பாய்ச் சந்தி வரைக்கும் கேட்டது. மதிலுக்கு இந்தப் பக்கம், அடுத்த வீட்டில் இருந்தது மட்டும் என் குற்றமா?

நமசிவாயத்தாரின் தகப்பன் எழுபத்தொன்பதில் வன்னி வயலுக்குப் போன இடத்தில் சுட்ட மானாம் அது. தலையைப் பதம்செய்து சுவரில் மாட்டியிருந்தார்கள். ஒரு காதைக் கறையான் தின்றுவிட்டது. இப்போது நமசிவாயத்தாரின் மகன் சுபாங்கனுக்கு உடுவில் கந்தப்புவின் மகள் தக்சாயினியை நிச்சயித்திருந்தார்கள். கந்தப்பு முட்டை போட்ட கேக்கைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிற சைவம். தாலிக்குப் பொன்னுருக்குவது மாப்பிள்ளை வீட்டில் அல்லவா? "செத்த மிருகம் பாத்துக்கொண்டு நிக்கிற வீட்டுக்குப் பொன்னுருக்குக்கு வரமாட்டம். பத்து நாளிலை அது போகாட்டில் கலியாணமும் இல்லை" என்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்.

கிடங்கு வெட்டித் தாட்டுவிடலாம். ஆனால் நமசிவாயத்தார் ஒத்துக்கொள்ளவில்லை. "மதிப்புத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் குடுப்பன்."

சுபாங்கன் போனில் படம் எடுத்து, ஒரு விற்பனைத் தளத்தில் 'மான் தலை' என்று போட்டான். விலங்கின் உடற்பாகங்களை விற்க முடியாது என்று ஐந்து நிமிடத்தில் தூக்கிவிட்டார்கள். 'பழைய மரச்சாமான்' என்று போட்டான். அதையும் தூக்கினார்கள்.

"முகம் தெரியுதடா. மூடு" என்றார் தகப்பன்.

முகத்துக்குத் துவாயைப் போட்டு 'தொப்பி மாட்டும் கொழுவி' என்று போட்டான். துவாய்க்கு மேலே இரண்டு கொம்பும் நிமிர்ந்து நின்றன. இந்த முறை கணக்கையே மூடிவிட்டார்கள்.

"விக்கிறதுதானே பிழை? சும்மா குடுக்கிறதெண்டு போடு" என்றார் சட்டம் தெரிந்த நமசிவாயத்தார். அப்படியே ஊர்ச்சனத்தின் முகநூல் குழுவில் 'இலவசம்' என்று போட்டான். எட்டு நாடுகளில் இருக்கிற எங்கள் ஊர்ச்சனம் முழுக்க அதற்குள்தான்.

முதலில் வந்தது கனடாவிலிருந்து நமசிவாயத்தாரின் தங்கை இராசமலர்: "அண்ணை, அப்பு ஒரே வெடியிலை விழுத்தின மானை ஆரைக் கேட்டுக் குடுக்கிறியள்? எனக்கும் பங்கிருக்கு." கூடவே வருடம், இடம், துவக்கோடு அப்பு நிற்கிற படம்.

ஒரு மணித்தியாலம் கழித்து லண்டனிலிருந்து ஒரு முருகேசு. கந்தப்புவின் சொந்தத் தமையன்.

"ஒரே வெடியோ? மூண்டு வெடி. மூண்டாவது நான் வைச்சது. சைக்கிளிலை கட்டி உழக்கினது தம்பி கந்தப்பு. ஈரலை ஆருக்கும் குடாமல் திண்டதும் அவன்தான்."

அதற்குப் பிறகு தலை யாருக்கு வேண்டும்? வெடி மூன்றா ஒன்றா என்று இரண்டு நாட்டுக்காரரும் விடியவிடிய எழுதினார்கள். மூன்றாம் நாள் வனஜீவராசித் திணைக்கள ஜீப் வந்தது. அதிகாரி கேள்வி கேட்கச் சிரமப்படவில்லை. யார், எங்கே, எந்த ஆண்டு, எல்லாவற்றையும் குடும்பமே எழுதிக் கையெழுத்தும் வைத்திருந்தது. தலையைக் கழற்றிச் சாக்கில் போட்டார்கள்.

"மதிப்புத் தெரிஞ்ச ஆளுகள்தான்" என்றாள் குணலட்சுமி, நமசிவாயத்தாரைப் பார்த்து.

பிறகு உடுவிலுக்குப் போன் எடுத்தாள். மதிலருகே முருங்கைக்காய் பறிக்க எனக்கும் அப்போதுதான் நேரம் கிடைத்தது.

"சம்மந்தி, தலை போயிட்டுது. பொன்னுருக்குக்கு வருவியள்தானே?"

குணலட்சுமி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"என்ன கறி வைக்கிறதெண்டு கேக்கத்தான் எடுத்தனான். ஈரல் இப்ப எடுக்கேலாது."

"கத்தரிக்காய் போதும், தங்கச்சி" என்றாராம் கந்தப்பு.

குறித்த நாளில் பொன்னுருக்கு நடந்தது. பெண் பகுதியில் ஒருவரும் சைவத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. நமசிவாயத்தாரை நீதவான் கடுமையாக எச்சரித்து அனுப்பினார். ஆவணியில் தக்சாயினி சுபாங்கனைக் கட்டி, சீதன வீட்டுக்கென்று உடுவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முட்டையும் பொரிக்கக்கூடாத அந்த வளவுக்குள் மாமனார் கந்தப்புவோடு ஏழு மாதம்தான் இருந்தார்கள். இப்போது இரண்டு பேரும் வவுனியாவில்.