ஷூ மாட்டிவிடுகிறவன்

...திரும்பிப் போய்விடலாமா, இன்னும் யாரும் பார்க்கவில்லை, கடை மூடியிருந்தது என்று மனைவியிடம் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சீப்பு தெரிகிறானே, மண்டியிட்டு ஒரு பெரியவரின் காலில் ஷூவை ஏற்றுகிறான், கையில் என்ன லாகவம், பதுங்குகுழியில் குண்டு விழும்போதுகூடத் தலை வாரிக்கொண்டவன், அதனால்தான் படையில் எல்லோருக்கும் அவன் சீப்பு, இப்போது முடியை ஒட்ட வெட்டிவிட்டான், மாமனார் கடையில் வேலை, கைக்குழந்தை வேறு... திரும்பி வந்த இருவரில் ஒருவனாவது தேறிவிட்டானே, அவனைப் பார்த்தால் போதும் என்றுதானே இவன் வருகிறான், வேறு யாரிடம் போவது? இவன் கதவைத் தள்ளினான்.

சீப்பு சிரித்தான், சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்ததோ... சும்மாதான் வந்தேன் என்றான் இவன், கல்லாவில் மாமனார் உட்கார்ந்திருக்கிறார், ஏதாவது போட்டுப் பார் என்று முணுமுணுத்தபடி சீப்பு ஒரு ஜோடியை எடுத்துவந்து மண்டியிட்டான், இவன் பாதத்தைத் தொட்டான், பெரியவரின் காலில் அத்தனை லாகவமாய் இருந்த கை, இப்போது கயிறு துளைக்குள் போகாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஏன் என்று இவனுக்குத் தெரியாதா என்ன? அங்கே போர்முனையில் இவர்கள் மூன்று பேர், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், பின்வாங்கும்போது மூன்றாமவன் வயர்லெஸ்காரனுக்கு இடுப்பில் குண்டடி, தூக்கிப் போக வழியில்லை, இவனுடைய பூட்ஸோ பிய்ந்து பாதமெல்லாம் ரத்தம், இனி அவன் எங்கே நடக்கப்போகிறான் என்று அவன் பூட்ஸைக் கழற்றக் குனிந்தது சீப்புதான், ஆனால் காலை நீட்டிக்கொண்டு நின்றது யார்... வயர்லெஸ்காரன் இன்னும் சாகவில்லை, கண் மூடவில்லை, மெதுவா கழட்டுடா என்றான், அவ்வளவுதான், தண்ணீர்கூடக் கேட்கவில்லை, இவன் போட்டுக்கொண்டபோது பூட்ஸுக்குள் அவன் சூடு அப்படியே இருந்தது. அதைப் பற்றி இருவரும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை, பேசாமலிருக்க ஒரு துணை வேண்டியிருந்தது, அதுதான் சிநேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"இனிமே இங்க வராதடா," என்றான் சீப்பு, தலை நிமிரவில்லை.

"என்னடா சொல்ற?"

"நீ வந்துட்டுப் போனா அந்த வாரம் பூரா எனக்குத் தூக்கம் இல்ல. பிள்ளை அழுதா அவன் குரல் மாதிரியே கேக்குது. உன் மேல கோபம் இல்ல. உன்னப் பாத்தா நீ தெரியமாட்டேங்குற, அவன்தான் தெரியறான்."

பொருந்துகிறதா என்று மாமனார் கல்லாவிலிருந்தே கேட்டார், கொஞ்சம் இறுக்கம் என்று சீப்பு பதில் சொல்லி, ஷூவைக் கழற்றி, இரண்டையும் பெட்டிக்குள் வைத்து மூடினான், இவன் போய்வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்து, வருகிறேன் என்று எப்படிச் சொல்வது, வெறுமனே எழுந்து தெருவுக்கு வந்தான், வெயில், ஆட்கள், யாரோ இடித்துவிட்டுப் போனார்கள்... வாரம் பூரா தூக்கம் இல்லையாம், இங்கே வந்துபோன இரவுகளில் மட்டும்தானே இவன் அடித்துப்போட்டதுபோல் தூங்கினான், மனைவிகூட அதனால்தானே போய்ப் பார்த்துட்டு வாங்க என்று அனுப்பினாள், அப்படியென்றால் அத்தனை நாளும் யாருடைய தூக்கத்தை... நடந்துகொண்டே இருந்தான். இன்றைக்கும் தூக்கம் வந்துவிடுமோ என்று முதல்முறையாகப் பயமாக இருந்தது.