வெளியே அமர்த்தப்பட்ட அழகிரி அவர்கள்

காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் அழகிரி அவர்கள், தம் மனைவி விஜயராணிக்காகப் பதில் சொல்வதைத் திருமணமான நாளிலிருந்தே கடமையாக ஏற்றுக்கொண்டவர். "எந்தப் பல் வலிக்குது?" என்று பல் மருத்துவர் கேட்டால், வாயைத் திறந்து வைத்திருக்கும் மனைவியை முந்திக்கொண்டு, "மேல, இடது பக்கம்" என்பார். பல சமயங்களில் அது சரியான பல்லாகவே அமைந்ததுண்டு.

ஆகவே, தில்லைநகரில் ஒரு மாடி அறையில் மனநல ஆலோசகர் யமுனா, "உங்களுக்கு என்ன செய்யுதுன்னு சொல்லுங்கம்மா" என்று விஜயராணியைப் பார்த்துக் கேட்டபோது, அழகிரி அவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டதில் வியப்பில்லை.

"தூக்கம் இல்லைங்க மேடம். அடுப்புல குழம்பு கொதிக்கிறப்ப நின்னு அழுவுறா. ஏன்னு கேட்டா தெரியலங்கறா. ஸ்கேன் வரைக்கும் பார்த்தாச்சு, எல்லாம் நார்மல். ஸ்ரீரங்கத்துல சொந்த ஃபிளாட். பிள்ளைங்க செட்டில் ஆயிட்டாங்க. ஒரு குறையும் இல்ல. நீங்க ஒரு மாத்திரை எழுதிக் குடுத்துட்டீங்கன்னா…"

"மாத்திரை எழுதுறது டாக்டர் வேலைங்க சார். இங்க பேச்சுதான். அதுவும் பெரும்பாலும் அம்மா பேசுவாங்க, நான் கேப்பேன்."

"கேட்டுட்டு புத்தி சொல்லுவீங்க. அதானே?"

"அதுவும் இல்லைங்க. சில வாரம் ஆகும். முதல் நாளே எதுவும் சரியாயிடாது." பிறகு விஜயராணியிடம் திரும்பினார் யமுனா. "நீங்க இங்க பேசுறது இந்த ரூமை விட்டு வெளிய போகாதும்மா. யார் உயிருக்காவது ஆபத்துன்னாதான் நான் வெளிய சொல்லுவேன். இப்ப சார் கொஞ்சம் வெளிய உட்காருவாங்க."

"நானா?" என்றார் அழகிரி அவர்கள்.

"ஆமாங்க சார்."

"அவளுக்குச் சரியா சொல்ல வராதுங்க மேடம்."

"வர்ற மாதிரி சொல்லட்டும்."

வணிகர் சங்க மேடைகளில் நடு நாற்காலியைத் தவிர வேறெதிலும் அமர்ந்து பழகாதவரை, சுவரோரமாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலி வரவேற்றது. சற்று நேரம் கழித்து, யாருக்கும் இடையூறு இல்லாத விதத்தில், அதைக் கதவுப் பக்கமாக நகர்த்தினார்.

"சார், சேர் அங்கயே இருக்கட்டும்" என்றாள் வரவேற்பு மேசையில் இருந்த பெண். அடிக்கடி சொல்லிப் பழகிய குரல் அது.

உள்ளே என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெளிவாகவே தெரிந்தது. தம்மைப் பற்றிய குற்றப்பத்திரிகை வாசிக்கப்படுகிறது. முன்பின் தெரியாத ஒரு பெண், தம் பிள்ளைகளின் வயதே ஆனவள், அழகிரி எப்படிப்பட்ட கணவர் என்பதை இந்நேரம் அறிந்துகொண்டிருப்பாள். முப்பது வருடக் குடித்தனத்தை அவர் மனத்துக்குள் புரட்டினார். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தகுந்த மறுமொழியைத் தயார் செய்தார். எவரும் இதுவரை சாட்டாத குற்றங்கள் சிலவற்றுக்கும் மறுமொழிகள் தயாராகிவிட்டன.

ஐம்பது நிமிடங்கள் கழித்து விஜயராணி வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் நடையில் ஏதோ ஒரு தெளிவு இருந்தது. அது அழகிரி அவர்களுக்குச் சற்றும் பிடிக்கவில்லை.

கார் தெருமுனை திரும்பும்வரைதான் அவரால் பொறுக்க முடிந்தது.

"என்ன சொன்னே?"

"என்னென்னமோ."

"என்னைப் பத்தி என்ன சொன்னே?"

"உங்களப் பத்திப் பேச்சே வரலைங்க."

முன்னால் போன ஆட்டோவை மயிரிழையில் தவிர்த்தார் அழகிரி அவர்கள்.

"ஐம்பது நிமிஷம் பேசியிருக்கே. ஒரு வார்த்தைகூடவா?"

"வரலைங்க. அந்தப் பொண்ணும் கேக்கல."

குற்றவாளியாகக் கூண்டில் நிற்கத் தயாராக வந்தவரை, வழக்கில் பெயரே இல்லை என்று திருப்பி அனுப்பினால் எப்படி இருக்கும்? அழகிரி அவர்கள் உள்ளூர நொந்துபோனார். தாம் அவ்வளவு அற்பமாகவா வாழ்ந்துவிட்டோம்?

"உன் வளைகாப்புக்கு வராம லோடு ஏத்தப் போனேனே, அதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"அட, மறந்தே போச்சு."

"சம்பந்தி வீட்டாளுங்க முன்னால சாம்பார் கிண்ணத்தைத் தள்ளி விட்டேனே?"

"அன்னிக்கு உப்பு கூடத்தான் இருந்துச்சு."

"பின்ன யாரைப் பத்திதான் பேசினே?" கிட்டத்தட்டக் கத்திவிட்டார்.

விஜயராணி கைக்குட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள். "எங்க அண்ணனைப் பத்தி. ரெண்டு வருஷமா முசிறியிலேருந்து நம்ம வீட்டுப் பக்கமே வரலியே. போன் பண்ணாலும் ரெண்டு வார்த்தையோட வச்சிடுது. நான் என்ன தப்பு செஞ்சேன்னு நினைச்சு நினைச்சுப் பார்க்குறேன், தெரியல. 'நீங்கதான் காரணம்னு ஏன் நினைக்கிறீங்க'ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. எனக்குப் பதில் சொல்லத் தெரியலைங்க."

"எனக்குத் தெரியும்" என்றார் அழகிரி அவர்கள். இழந்த நடு நாற்காலி திரும்பக் கிடைத்துவிட்டது போல் அவர் முகம் மலர்ந்தது. "நீ காரணமே இல்ல. நான்தான். தோட்டத்துலேருந்து வேட்டியெல்லாம் வாழைக்கறையா வந்து ஹால் சோபாவுல உட்கார்றாரு, ஃபிளாட்டுல நாலு பேர் பார்க்குறாங்கல்ல? இனிமே வீட்டுக்கு வராதீங்கன்னு மண்டியில வச்சே சொல்லிட்டேன். 'ராணி சொல்லிச்சா?'ன்னு கேட்டாரு. ஆமா, அவளுக்கும் இதே எண்ணம்தான்னேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை போறப்ப இதைச் சொல்லு அந்தப் பொண்ணுகிட்ட."

சத்திரம் பேருந்து நிலையத்தருகே சிக்னல் சிவப்பில் கார் நின்றது. விஜயராணி கதவைத் திறந்தாள்.

"ஏ ராணி, எங்க போற?"

"முசிறிக்கு."

"சரி, எப்ப வருவே?"

"வியாழக்கிழமை தில்லைநகருக்கு வந்துடுவேன். எங்க அண்ணன் பஸ் ஏத்தி விட்டுடும். நீங்க அலைய வேணாம்."

பைகளும் கூடைகளுமாக நின்ற கூட்டத்துக்குள் அவள் புடவை மறைந்தது. சிக்னல் பச்சையானது. பின்னால் நின்ற வண்டிகள் அழகிரி அவர்களுக்கு உரிய மரியாதையோடு ஹாரன் அடித்தன.

வண்டியை நகர்த்தியபோது ஒன்று மட்டும் அவருக்கு ஐயமறத் தெரிந்தது. வரும் வியாழக்கிழமையின் ஐம்பது நிமிடங்களும் முழுக்க முழுக்கத் தமக்கே. அதை எங்கே தொடங்கி எப்படிச் சொல்ல வேண்டும் என்று மனைவிக்கு எடுத்துக் கொடுக்கலாமென்றால், பக்கத்து இருக்கையில் ஆளில்லை.