பாலுதான் மாப்ள

எங்கள் கேவன் மாவட்டத்தில் விஸ்கியைத்தான் சாராயம் என்போம். அதே விஸ்கியைப் பாலாடையில் கலந்துவிட்டால் அது வெறும் 'க்ரீம்'. ஆயுசில் பியர் நுரையைக்கூடத் தொடாத பெண்கள் கிறிஸ்துமஸுக்கு ஐஸ் போட்டு இரண்டு கிளாஸ் க்ரீம் இறக்கிவிட்டு, குடிக்கிற பழக்கமே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். பங்குச் சாமியார் காப்பியில் ஊற்றிக்கொள்வார். நானும் அதை நம்பிய முட்டாள்தான்.

என் தங்கை டிம்ப்னாவின் புருஷன் மாலக்கி. குடித்தால் மிருகம். நான்கு வருஷத்துக்கு முன்பு அவள் தாடையை உடைத்தான். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரமே அவன் கோயிலில் முழந்தாளிட்டு, இனிக் குடியைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்து, கோட்டுக் காலரில் திரு இருதயச் சின்னத்தைக் குத்திக்கொண்டான். குடிப்பதில்லை என்று உறுதி எடுத்தவர்கள் குத்திக்கொள்வது அது. அன்று கோயில் வாசலில் ஊரே கேட்க நானும் ஒரு வாக்குக் கொடுத்தேன். "இவனுக்கு ஒரு சொட்டு ஊத்துறவன் எவனா இருந்தாலும் அந்தக் கையை ஒடிப்பேன்." அதற்குப் பிறகு எந்த மதுக்கடையிலும் யாரும் அவனுக்கு எலுமிச்சை சோடாவைத் தாண்டி எதையும் நீட்டியதில்லை. எனக்கு அதில் பெருமை வேறு.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மதியம் என் வீட்டில் விருந்து. என் மனைவி அட்ராக்டா எங்கள் மாட்டுப் பாலாடையில் விஸ்கியும் டப்பாப் பாலும் காப்பி டிக்காஷனும் சேர்த்து ஒரு ஜாடி க்ரீம் கலக்கி வைத்திருந்தாள். எல்லோரும் அதைப் புட்டிங்கில் ஊற்றிச் சாப்பிட, மாலக்கி மட்டும் வறட்டுப் புட்டிங்கைக் கரண்டியால் குத்திக்கொண்டிருந்தான். பார்க்கப் பாவமாக இருந்தது. டிம்ப்னா அடுப்படியில் இருந்தாள். நான் ஜாடியை எடுத்தேன்.

"இது பாலுதான் மாப்ள. பொம்பளைங்க சாப்பிடறது."

அவன் ஜாடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நீயே சொல்றியா மச்சான்?"

நான் ஊற்றினேன்.

முதல் கிண்ணத்தை வழித்து நக்கினான். இரண்டாவதில் புட்டிங் இல்லை, க்ரீம் மட்டும். அப்புறம் ஜாடியையே தூக்கிக் குடித்தான். நான் பிடுங்கப் போனேன். என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். பிறகு நிதானமாகச் சின்னத்தைக் கழற்றித் தட்டோரம் வைத்தான். சும்மா போன சனியனைத் தூக்கிப் பனியனுக்குள் விட்டுக்கொண்டேன்.

தேநீரோடு வந்த டிம்ப்னா சின்னத்தைப் பார்த்தாள். தேநீரை மேஜையில் வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினாள். அது அவனுக்குப் பொறுக்கவில்லை. அவள் தோளைப் பிடித்து இழுத்து ஜாடியால் முகத்தில் அடித்தான். ஜாடி நொறுங்கி, க்ரீமும் ரத்தமும் அவள் கழுத்தில் ஒன்றாக வழிந்தன. விழுந்தவளின் விலாவில் பூட்ஸ் காலால் உதைத்தான், இரண்டு முறை. மூன்றாவதற்குள் நான் அவன்மேல் பாய்ந்து மூக்கை உடைத்தேன். தலைமுடியைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துப்போனேன். அட்ராக்டா கணப்பு கிளறும் இரும்புக் கம்பியை நீட்டினாள். அவன் வலக்கையைக் கல்லில் அழுத்தி மணிக்கட்டில் இறக்கினேன். எலும்பு முறிந்தது கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

உள்ளே டிம்ப்னா முகத்தில் துண்டை அழுத்திக்கொண்டு தரையில் கிடந்தாள். அவன் கையை ஒடித்துவிட்டேன் என்று பெரிய வீரன்போலச் சொன்னேன்.

திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். "ஊத்தினது யாருண்ணே?"

ஆம்புலன்ஸ் அவளை ஏற்றிக்கொண்டு போனபின் தொழுவத்துக்குப் போனேன். இரும்புக் கதவின் கீலோரம் வலக்கையை வைத்து, இடக்கையால் கதவை அறைந்தேன். முதல் அடியில் தோல்தான் கிழிந்தது. இரண்டாவதில் முறிந்தது.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் என் கையிலிருந்த மாவுக்கட்டைப் பார்த்து, இதுவும் மாலக்கி செய்ததா என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றேன். "இது ஊத்தின கை."