ஓபெங்கின் பின்சக்கரத்தில் ஒரு பித்தளைக் கெளுத்தி

கானா நாட்டுக் குமாசி நகரில் குப்பை அள்ளும் ஓபெங்கின் மூன்று சக்கர மோட்டார் சைக்கிள், புது டயர் மாட்டிய மறுநாள் காலை தானாகவே பாலத்துக்கு அடியில் இறங்கி, பல வருஷமாக அவன் ஓடையில் கொட்டியதையெல்லாம் திரும்ப ஏற்றி, அதது வந்த வீட்டு வாசலில் கொண்டுபோய்ச் சேர்க்கத் தொடங்கியது. ஊருக்கு வெளியே குப்பைமேடு இருந்தது, ஆனால் தூரம். ஓபெங் அங்கே போவதே இல்லை என்று எங்கள் பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். வாசலை விட்டுப் போனால் சரி என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம். மூத்திரத் துணி, மீன் குடல், தண்ணீர் உறிஞ்சிய பிளாஸ்டிக் பை, ஊதிப்போன ஆடு. சீ! அந்த ஓடையைத் தாண்டிப் போய் ஒரு கவளம் ஃபூஃபூக் களி விழுங்க முடிந்த எங்கள் தொண்டையை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது.

பாலத்தை ஒட்டி டயர் கடை வைத்திருந்தவள் அபெனா அன்சா. அடைத்துக்கொண்ட ஓடை ஒவ்வொரு மழைக்கும் அவள் கடைக்குள் ஏறி, போன வருஷம் காற்றடிக்கும் மெஷினைக் கொன்றது. கடன் வாங்கிப் புது மெஷின் போட்டிருந்தாள். அதுவும் முங்கினால் கடையை மூட வேண்டியதுதான். அப்படியும் ஓபெங் பின் டயர் வெடித்து வந்தபோது வேலையில் குறை வைக்கவில்லை. கம்பியால் நெம்பிப் பழசைக் கழற்றினாள், விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் புதுசை ஏற்றினாள், காற்றடித்து, இரண்டு கட்டைகளுக்கு நடுவே தொங்கவிட்டுச் சுற்றினாள். கனத்த பக்கம் ஒவ்வொரு தடவையும் கீழே வந்து நின்றது. எடை சரிகட்ட எதிர்ப்பக்கத்தில் அடிக்கும் ஈயத்துண்டு தீர்ந்திருந்தது. ஓபெங் அவசரப்படுத்தவே, அவள் தாத்தா தங்கத்தூள் நிறுத்த எடைக்கற்களில் ஒன்றை, சுண்டுவிரல் அளவு பித்தளைக் கெளுத்தி மீனை, எடுத்துக் கம்பியால் கட்டினாள். யாருக்கு உரியதோ அதை அவரிடம் சேர்க்காமல் அந்தக் கல் ஓயாது என்று அவள் வீட்டில் சொல்வார்கள். அந்த நேரத்தில் அது அவள் ஞாபகத்துக்கு வரவில்லை. சக்கரம் எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது.

முதல் நடை டயர் கடைக்கு எதிர்வீட்டு மேடம் செர்வாவின் வெள்ளை கேட்டில் இறங்கியது. புழு நெளியும் மூட்டைகள், கூடவே அவள் பிள்ளைகள் குழந்தையாய் இருந்த காலத்துத் துணிகள்.

"ஏன்டா, நான் தூக்கி எறிஞ்சதை எதுக்குடா திருப்பிக் கொண்டாந்து கொட்டுற?"

"நான் கொட்டலை மேடம், வண்டிதான் கொட்டுது. நான் பிரேக்கை மிதிச்சிக்கிட்டேதான் உக்காந்திருக்கேன்!"

"நல்லா மோந்து பாருங்க மேடம், உங்க வீட்டு வாசனைதான்," என்று அபெனா கடையிலிருந்தே கத்தினாள். போதகர் வீட்டு வாசலில் சாராயப் பாட்டில்கள் இறங்கியபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஓடை நாளுக்கு நாள் காலியாக, அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

மழை கறுத்து நின்ற ஒரு மத்தியானம் கடைசி நடை வந்தது. வண்டி யார் வீட்டுக்கும் போகாமல் அபெனாவின் கடை வாசலில் நின்று கொட்டியது. கிழிந்த டயர்கள், அழுகிய டியூப்கள், கொசுப்புழு மிதக்கும் கறுப்புத் தண்ணீர். பின் ஜன்னல் வழியாக அவளே இத்தனை வருஷமாக ஓடையில் எறிந்தது.

"அக்கா," என்றான் ஓபெங் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது யாருதுன்னு நான் வேற சொல்லணுமா?"

அவள் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். பிறகு இடுக்கியை எடுத்துக்கொண்டு வந்து, சக்கரத்தின் அருகில் குந்தி, மீனைக் கட்டிய கம்பியைப் பிடித்தாள். அந்தக் கல்லைப் பற்றி வீட்டில் சொன்னது இப்போதுதான் ஞாபகம் வந்தது. அதை அவிழ்த்தால் நாளைக்கே எல்லோரும் பழையபடி ஓடையில்தான் கொட்டுவார்கள், அவளும்தான். முதல் தூறல் விழுந்தது. இடுக்கியைக் கீழே போட்டாள்.

"குப்பைமேட்டுக்கே போய்த் தொலைடா இனிமே," என்றாள்.

அந்த மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் பாலத்துக்கு அடியிலேயே ஓடியது, கடைக்குள் ஏறவில்லை. டயர் மாட்ட வருகிறவர்கள் அவளுடைய குவியலின் மேல் ஏறி, மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போகிறார்கள். ஏன் அங்கே கிடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, அவரவர் வாசலிலும் ஒன்று கிடக்கிறது.