பீமய்யா ஒத்துக்கொண்ட குற்றம்

குஞ்சா பீமய்யாவின் ரத்தம் சொட்டிய சோதனை அட்டையில் இரண்டு கோடுகள் விழுந்தன. சிபிலிஸ் என்ற பால்வினை நோய். இந்தக் கோதாவரிக் கரை ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாக ரத்தம் பார்க்கிறேன். என் அட்டை பொய் சொல்லாது என்று எனக்கு ஒரு திமிர்.

மனைவி முத்தம்மாவுக்குக் கர்ப்பப்பைக் கட்டி, ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவள் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்கத்தான் வந்திருந்தார். "உங்க ரத்தம் ஆகாது" என்றேன். ஏன் என்று கேட்டது முத்தம்மா. நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம், சொல்லித் தொலைத்தேன்.

"வருஷா வருஷம் மிளகாய் பறிக்கப் போறியே, அங்க எவகிட்ட போனே?"

"எவகிட்டயும் போகல முத்தா."

"நீ நிஜத்தைச் சொல்ற வரைக்கும் நான் கத்திக்குப் படுக்க மாட்டேன். ரத்தம் வடிஞ்சே சாகறேன்."

நானும் அவரை ஓரக்கண்ணால்தான் பார்த்தேன். இரண்டு நாள் மறுத்தார். மூன்றாம் நாள் அவள் வெளிறிப்போய் எழ முடியாமல் கிடந்தாள். "மிளகாய்க்குப் போன இடத்துல, வைரா பக்கம் ஒருத்தி. பேரு சுக்கி" என்றார்.

முத்தம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "கைநாட்டு எங்க வெக்கணும்?"

ஆபரேஷனுக்கு முன் அவள் ரத்தத்தையும் பார்த்தேன். அதே இரண்டு கோடு. பாவி, இவளுக்கும் ஒட்டவைத்துவிட்டானே என்று டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

அவர் வேறொரு சோதனையும் செய்யச் சொன்னார். இருவருக்கும் இப்போது நோய் இருப்பதாக அது காட்டவில்லை. பிறகு வந்து இருவர் கால்களையும் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே காசு அகலத்தில் பழைய தழும்புகள்.

"சின்ன வயசுல கோயா ரோகம் வந்துச்சா?"

"எங்க ஊர்ல எல்லாப் பிள்ளைங்களுக்கும் வந்துச்சு. ஜீப்புல வந்து ஊசி போட்டாங்க" என்றாள் முத்தம்மா.

"அது பிள்ளைங்க கூடி விளையாடறப்ப ஒட்டற புண்ணு. அந்தக் கிருமியும் சிபிலிஸ் கிருமியும் பங்காளிங்க. ஆறி நாப்பது வருஷமானாலும் ரத்தத்துல அடையாளம் நிக்கும். அட்டைக்கு வித்தியாசம் தெரியாது." டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "உனக்குமா தெரியாது?"

எனக்குத் தலை நிமிரவில்லை.

"அப்ப சுக்கி யாரு?" என்றாள் முத்தம்மா.

"நாம வித்த ஆடு. வாயில அந்தப் பேருதான் வந்துச்சு" என்றார் பீமய்யா. "நீ செத்துருவியோன்னு பயந்துட்டேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இவன்கூட முப்பது வருஷம் இருந்திருக்கேன் தம்பி. உன் அட்டையை ஒரு நாள்தான் பார்த்தேன். உன்னைத்தான் நம்பினேன்."